சேலம் புறநகரில் உள்ள கிரேக்கச் சுவ்லாக்கி கடைக்கு வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா? வயிறு நிறையுமா?

தாராளமாகப் போகலாம். வயிறு நிறைவது நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்விக்குக் கீழே விளக்கத்தில், "கம்பியில் குத்திச் சுட்ட கறிக்கு இவ்வளவு விலையா, கம்பியையும் சேர்த்துக் கொடுப்பார்களா" என்று ஒரு கிண்டல் வைத்திருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தக் கம்பி என் கம்பி.

சூரமங்கலம் பக்கம் சின்னதாக எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், பட்டறை வைத்திருக்கிறேன். ஹோட்டல்களுக்கு அடுப்பு, பரோட்டாக் கல் ஸ்டாண்டு, இட்லிக் கொப்பரை, சிங்க் எல்லாம் அடித்துக் கொடுப்பதுதான் 22 வருடமாகப் பிழைப்பு. ஏற்காடு ரோட்டில் கோரிமேடு தாண்டி சுவ்லாக்கி என்று போர்டு வைத்த ஒரு கடைக்குக் கரியடுப்பும் கம்பியும் செய்து கொடுத்தேன். நீங்கள் கேட்பதும் அதே கடையா என்று தெரியாது. பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் என்று ஒருவர் வருவார். அவருக்காக முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: எனக்கு வரவேண்டிய பணம் முழுசாக வந்துவிட்டது, அங்கே சாப்பிட்டதற்கு நானும் முழுசாகக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று, நான் கிரேக்கத்துக்குப் போனதில்லை. மலையேறினால் ஏற்காடு, இறங்கினால் சேலம், அவ்வளவுதான் என் பயணம்.

கடைக்காரத் தம்பி மெல்போர்னில் படிக்கப் போய், ஓக்லி என்ற புறநகரில் ஒரு கிரேக்கர் கடையில் மாலை வேலை பார்த்தவன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் கப்பலாகக் கிரேக்கர்கள் போய்க் குடியேறிய ஊராம் மெல்போர்ன். அங்கே சுவ்லாக்கி என்று கேட்டால், செங்குத்தாகச் சுழலும் கம்பியிலிருந்து சீவிய கறியைத் தடித்த ரொட்டியில் சுருட்டிக் கொடுப்பார்களாம். கிரேக்கத்திலோ அதற்குப் பெயர் யீரோஸ். சுவ்லாக்கி என்றால் குட்டிக் கம்பி என்று அர்த்தம், துண்டு துண்டாகக் கம்பியில் கோத்துக் கரியில் சுட்டது. ஏதென்ஸ்காரர்கள் அதையும் கலமாக்கி, அதாவது குட்டி நாணல், என்பார்கள். "ஆகமொத்தம் ஷவர்மாதானே" என்கிறவர்களுக்கு: சீவிக் கொடுப்பது ஷவர்மாவுக்குப் பங்காளிதான். யீரோஸ், ஷவர்மா, துருக்கியின் தோனர் மூன்றுக்குமே சுழற்றுவது என்றுதான் பொருள். கம்பியில் கோத்தது வேறு கிளை. இவன் கடையில் அந்தக் கம்பி வகைதான்.

முதல் நாள் வந்து, "அண்ணா, பட்டைக் கம்பி வேணும், ஆறு மில்லி அகலம், ரெண்டு மில்லி கனம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. உருண்டைக் கம்பி என்னிடம் மீதி கிடந்தது. பட்டை என்றால் தகட்டில் வெட்டி, ஓரம் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும், மூன்று மடங்கு வேலை. கறி குத்துவதற்கு உருண்டை போதாதா என்று என் இஷ்டத்துக்கு உருண்டையிலேயே முப்பது அடித்துக் கொண்டுபோனேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஒரு கம்பியில் கோழித் துண்டுகளைக் கோத்து அடுப்பில் வைத்து, "திருப்புங்க அண்ணா" என்றான். திருப்பினேன். கம்பி திரும்பியது, கறி திரும்பவில்லை. துண்டுகள் எல்லாம் அடிப்பக்கம் கீழே பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருக்க, உள்ளே கம்பி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சை. பட்டைக் கம்பி கறியைப் பிடித்துக்கொண்டு திருப்பும், இதுதான் சூட்சுமம். முப்பதையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன், நஷ்டம் என்னுடையது.

அதோடு போகவில்லை. கரியடுப்பைத் தொட்டி மாதிரி மூன்று அடி நீளத்துக்கு மூட்டே தெரியாமல் வெல்டிங் போட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் அடித்துக் கொடுத்திருந்தேன். கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் பத்து நிமிடம் நன்றாக எரியும், அப்புறம் சாம்பல் மூடிச் சொங்கிப் போகும். பையன் அட்டையை வைத்து விசிறிக்கொண்டே நிற்கிறான். நான் கரி ஈரம் என்றேன். வேறு கரி மாற்றினோம். காற்றுத் திசை என்றேன். அடுப்பைத் திருப்பி வைத்தோம்.

அன்று ராத்திரி அவன் என் வாட்ஸப்புக்கு ஒரு படம் அனுப்பினான். கிரேக்கத்தில் சாந்தொரினி என்ற தீவில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்து கிடந்த அக்ரோத்திரி என்ற ஊரில் தோண்டி எடுத்த கம்பித் தாங்கிகள். 3,500 வருடத்துக்கும் முந்தியவை. ஜோடியாக இரண்டு தாங்கி, முனையில் விலங்குத் தலை, மேலே கம்பி உட்காருவதற்குக் காடி வெட்டியிருக்கிறது. ஒன்றில் இருக்கிற காடிக்கு நேர் எதிரே மற்றதில் காடி, அளவு பிசகவில்லை. நான் அதையெல்லாம் ரசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கீழே பார்த்தேன். அடியில் வரிசையாக ஓட்டைகள். கரிக்குக் காற்றுப் போவதற்கு. வேறு ஒன்றும் அவன் எழுதவில்லை, படம் மட்டும்தான். மறுநாள் காலையில் டிரில்லிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் அடியில் பத்து மில்லி ஓட்டை வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை, வாங்குவதற்கு முகம் வேண்டுமே.

(யவனர் நம்மூர் மிளகை வாங்கிப் போன கதையைத் தயவுசெய்து யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அது எனக்கும் தெரியும்.)

ஆனால் கம்பிக் கதை ஒன்று சொல்ல விடுங்கள். பழைய கிரேக்கத்தில் கறி சுடும் இரும்புக் கம்பியே காசாகவும் ஓடியிருக்கிறது. ஓபோல் என்ற காசின் பெயர் கம்பியிலிருந்து வந்தது. ஒரு கைக்கு ஆறு கம்பி பிடிக்கும், அந்தக் கைப்பிடிதான் திராக்மா. 2002இல் யூரோ நோட்டு கைக்கு வரும்வரை அவர்கள் நாட்டுப் பணத்துக்கு அதுதான் பெயர். துபாய் போய் வந்தவர்கள் எண்ணுகிற திர்ஹாமும் அதன் வழி வந்த சொல்தான். நம்மூர் உருக்காலையும் காசுக்கான வட்டத் தகடு வெட்டிக் கொடுத்த ஆலை என்பது சேலத்துக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பட்டறைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் பாக்கெட்டில் காந்தத்தோடு வருகிறார்கள். ஒட்டினால் டூப்ளிகேட், ஒட்டாவிட்டால் ஒரிஜினல் எஸ்.எஸ். என்று யாரோ வீடியோ போட்டுவிட்டார்கள். ஐயா, 304 என்கிற நல்ல ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், அதில் காந்தம் ஒட்டாது. சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு ஏற்றிய 202 என்ற மலிவு ரகத்திலும் ஒட்டாது! உப்பும் எலுமிச்சையும் பட்டால் சீக்கிரம் துருப் புள்ளி விழுவது அதில்தான், உங்கள் காந்தம் அதற்குப் பாஸ் மார்க் போடும். மாறாக, நிக்கலே இல்லாத 430இல் நன்றாக ஒட்டும், ஆனால் அதுவும் எவர்சில்வர்தான். வீட்டில் பழைய ஒரு ரூபாய் எவர்சில்வர் காசு இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். அது துருப்பிடித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நல்ல 304 தகட்டை மடித்தாலும் மடிப்பில் மட்டும் காந்தம் கொஞ்சம் ஒட்டும். அந்த மடிப்பில் காந்தத்தை வைத்துக்காட்டி, பாதிப் பணத்தை நிறுத்திவைத்த ஒரு ஹோட்டல் முதலாளி இன்னும் எனக்குத் தரவில்லை. இந்தத் தம்பி கம்பிக்கு 304தான் வேண்டும் என்றான், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய கறி என்பதால். பில்லைக் கேட்டு வாங்கினான், காந்தத்தை நீட்டவில்லை. அந்த மரியாதைக்காகவே குடும்பத்தோடு போனேன்.

புதன்கிழமை சாயங்காலம் போனோம். நான், மனைவி, கல்லூரிப் பையன், 74 வயது அம்மா. அம்மாவுக்கு வயிற்றுப்புண், பல்செட் வேறு. வெளியே சாப்பிடப் போனால் அவருக்கு எப்போதும் இட்லிதான், நாங்கள் பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை.

உள்ளே நுழைந்ததுமே அம்மா, "கற்பூரவல்லி வாசனை வருதே, யாருக்குடா சளி?" என்றார். பையனுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் அம்மா சொன்னது தப்பில்லை. கறியில் போடுகிற ஓரிகானோ இலையிலும் கற்பூரவல்லியிலும் அந்த வாசனையைக் கொடுக்கிற சரக்கு ஒன்றேதான், கார்வக்ரால் என்று பையனே போனில் தேடிச் சொன்னான். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, பூண்டு, உப்பு, இந்த இலை, அவ்வளவுதான் மசாலா. மிளகாயே கிடையாது. கிரேக்கத்தில் பெரும்பாலும் பன்றிக்கறி, இங்கே கோழித் தொடைக்கறியும் ஆட்டுக்கறியும். நெஞ்சுக்கறி கரியில் வறண்டுவிடும் என்று தொடை மட்டும்தான் போடுகிறான்.

அடுத்து ஜாஜிக்கி வந்தது. வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பச்சைப் பூண்டு சேரும். அம்மா ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், விழவில்லை. "தயிரை வடிகட்டினியா கண்ணு?" என்றார். துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் தொங்கவிடுவதாகச் சொன்னான். வெள்ளரிக்காயையும் துருவி உப்புப் போட்டுப் பிழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டு மோராகிவிடும் என்றான். "வடிஞ்ச தண்ணியை என்ன பண்றே?" கொட்டுகிறானாம். அம்மாவுக்கு வந்ததே கோபம்! அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு பாட்டு விட்டார். இப்போது பீட்டா ரொட்டிக்கு மாவு பிசைவது அந்தத் தண்ணீரில்தான்.

ரொட்டி போடுகிறவர் பரோட்டா மாஸ்டர். உள்ளே பை மாதிரி பிரியாத, தடித்த, எண்ணெய் தடவிக் கல்லில் வாட்டுகிற ரொட்டி அது, அடுக்கெல்லாம் கூடாது. ஆனால் அவர் கை சும்மா இருக்குமா? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை வீசிவிட்டார், வீசியது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. அதை மெனுவில் இல்லாத பரோட்டாவாக என் மனைவி வாங்கிச் சாப்பிட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. சாலட்டில் ஃபெட்டா என்ற கிரேக்கச் சீஸ் இல்லை, உப்புத் தண்ணீரில் ஊறிய பனீர்தான். ஆனால் மெனுவில் பனீர் என்றே போட்டிருக்கிறான், ஏமாற்றவில்லை. செம்மறிப் பால் ஃபெட்டா இறக்குமதி செய்தால் உங்கள் கிண்டல் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஆலிவ் காயில் கொட்டை இருக்கும், பல்செட் ஆட்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். ஆட்டுக்கறிக் கம்பி வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம், நம்மூர் வெள்ளாட்டுக்கறி குக்கரில் நாலு விசில் வேண்டிய கறி, கரியில் பத்து நிமிடத்துக்கு அது மசியாது. இதை நானே தம்பியிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டான், மெனுவில் இன்னும் இருக்கிறது.

அம்மா கோழிக் கம்பி இரண்டு சாப்பிட்டார். நல்ல சூட்டில் எலுமிச்சையைப் பிழிந்து, கம்பியிலிருந்து ஒவ்வொரு துண்டாக ரொட்டியால் பிடித்து உருவி. காரம் இல்லை, எண்ணெய் மிதக்கவில்லை, ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவும் இல்லை. ஹோட்டலில் அம்மா கறி சாப்பிட்டு நான் பார்த்து ஆறேழு வருடம் இருக்கும்.

ஆகவே உங்கள் பெற்றோருக்கு ஆளுக்கு இரண்டு கோழிக் கம்பி, ஒரு ரொட்டி, நடுவில் ஒரு கிண்ணம் ஜாஜிக்கி, போதும். நீங்கள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டியதை வாங்குங்கள், ஒன்று 280 ரூபாய், வயிறு நிறையும். காரம் இல்லாமல் உங்களுக்கு இறங்காது என்றால் வருகிற வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்குகிற வண்டி எல்லாம் அடிவாரத்திலிருந்தே நெருக்கும்.

அப்புறம், கம்பியையும் சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டீர்கள். 120 அடித்துக் கொடுத்தேன். போன வாரம் ஓரம் தேய்த்துக் கொடுக்கப் போனபோது எண்ணிப் பார்த்தேன், 97 இருக்கிறது.