பர்கரில் எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: எனக்கு வயது 42. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு சற்றுக் கூடியிருப்பதாகத் தெரிந்தது. நிறைவுற்ற கொழுப்பையும் உப்பையும் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். எனக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் பர்கர் என்றால் உயிர். வீட்டில் கோழியின் நெஞ்சுக்கறியில் செய்து பார்த்தேன். மரத்தூளை மெல்வது போல இருந்தது. ராஜ்மாவிலும் கொண்டைக்கடலையிலும் செய்தால் வாணலியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மாதம் இரண்டு முறை நண்பர்களுடன் உணவகத்திலும் பர்கர் சாப்பிடுகிறோம். பர்கரையே விட்டுவிட வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

பதில்: விட வேண்டியதில்லை. உங்கள் எல்.டி.எல். அளவு, மாதம் இரண்டு பர்கரைவிட, அன்றாடம் சாப்பிடுபவை எல்லாவற்றையும் பொறுத்தே ஏறி இறங்கும். ஆனாலும் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே பெயரில் வரும் இரண்டு பர்கர்களுக்கு இடையே நிறைவுற்ற கொழுப்பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு வந்துவிடும். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், நாக்குக்குத் தெரியாத இடத்தில் கொழுப்பைக் குறைத்து, தெரிகிற இடத்தில் அதை விட்டுவைக்கலாம். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பன்னுக்கு நடுவே வைக்கும் வட்டமான பேட்டி, 20 சதவீதக் கொழுப்புள்ள மாட்டிறைச்சிக் கொத்துக்கறியில் 113 கிராம் எடையில் செய்யப்பட்டால், வேகும் முன் அதில் ஏறத்தாழ 23 கிராம் கொழுப்பு இருக்கும். அதில் எட்டு முதல் ஒன்பது கிராம் வரை நிறைவுற்றது. 10 சதவீதக் கொழுப்புள்ள கறியை வாங்கினால் இது பாதியாகிவிடும். தோல் நீக்கிய கோழித் தொடைக்கறியிலோ 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் அளவே நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. இதன் மேல் 28 கிராம் செடார் சீஸ் வைத்தால் ஐந்து கிராமுக்கு மேல் கூடும். ஒரு நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 22 கிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே இரட்டைப் பேட்டியும் இரட்டைச் சீஸும் வைத்த ஒரே ஒரு பர்கர் அந்த நாளின் அளவு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடும்.

மயோனைஸைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் முதலில் அதைத்தான் பழிக்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டியில் 90 கலோரிக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள பத்து கிராம் கொழுப்பில் நிறைவுற்றது ஒன்றரை கிராம் போல்தான், மற்றது தாவர எண்ணெய். உடல் எடைதான் கவலை என்றால் மயோனைஸைக் குறையுங்கள், எல்.டி.எல். கவலை என்றால் சீஸையும் பன்னில் தடவும் வெண்ணெயையும் முதலில் கவனியுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, குறைக்கத் தேவையில்லாததைக் குறைக்கிறார்கள்.

இனி வீட்டுப் பர்கருக்கு வருவோம். கோழிக்கறி மரத்தூளாகப் போனதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பது ஒன்று. சூடு ஏறும்போது புரதங்கள் இறுகித் தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன, அப்போது வாயில் வழுவழுப்பைத் தரக் கொழுப்பும் இல்லையென்றால் வறட்சி மட்டுமே மிஞ்சுகிறது. வெந்ததோ வேகவில்லையோ என்ற பயத்தில் நீங்கள் அதைத் தேவைக்கு மேல் வேகவிட்டிருப்பீர்கள் என்பது என் இரண்டாவது ஊகம். ஆகவே, நெஞ்சுக்கறியை விட்டுத் தோல் நீக்கிய தொடைக்கறிக்கு மாறுங்கள். அதனுடன் கறியின் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காளானைப் பொடியாக நறுக்கி, அதன் நீர் முழுவதும் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். கறிச்சுவையைத் தரும் குளுட்டமேட் என்ற பொருள் காளானில் இயற்கையாகவே இருப்பதால் கறிச்சுவை குறையாது. அதன் நார் வெந்த பிறகும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலில் ஊறவைத்துப் பிசைந்த ஒரு ரொட்டித் துண்டையும் சேர்க்கலாம். அதிலுள்ள மாவுச்சத்து புரதங்கள் ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைந்துகொள்ளாமல் குறுக்கே நிற்கும்.

உப்பை எப்போது போடுவது என்பதில் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. கறியில் உப்பைக் கலந்து வைத்துவிட்டால், அது மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து இழுத்துவிடும். பேட்டி உதிரியாக, மென்மையாக இல்லாமல், சாசேஜ் போல ரப்பர்த்தன்மையுடன் வரும். உப்பே சேர்க்காமல் உருட்டித் தட்டி, வாணலியில் இடுவதற்குச் சற்று முன் மேற்பரப்பில் மட்டும் தூவுங்கள். உப்பைக் குறைக்க வேண்டிய உங்களுக்கு இதில் கூடுதல் நன்மையும் உண்டு. மேற்பரப்பில் உள்ள உப்புதான் நாக்கில் முதலில் படுகிறது என்பதால், உள்ளே கலந்த உப்பைவிடக் குறைவாகவே போட்டாலும் சுவை குன்றாது. நான்கு பேட்டிகளுக்கு அரைத் தேக்கரண்டி போதும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் பரிந்துரைக்கப்படுகிறது. பன், சீஸ், ஊறவைத்த வெள்ளரி, சாஸ் ஆகிய ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பேட்டியைப் பன்னைவிட ஒரு விரல் அகலம் பெரிதாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் சிறு பள்ளம் செய்யுங்கள். வேகும்போது ஓரங்கள் சுருங்கி நடுப்பகுதி பந்துபோல் எழும்புவதை அந்தப் பள்ளம் ஈடுகட்டும். வாணலி நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், பேட்டியின் மேற்பரப்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருவது, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-ஆம் ஆண்டில் விவரித்த வினை. அது ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் வேகம் பிடிக்கும். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி வறுபடாமல் புழுங்கும். வைத்த சில நிமிடங்களில் ஓரம் வெளிறி, மேலே சாறு சிறு துளிகளாக முத்து முத்தாக அரும்பும்; அடியில் ஒட்டியிருந்த பேட்டி தானாகவே விட்டுக்கொடுக்கும். அப்போது திருப்புங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள், அந்தச் 'சுர்ர்' என்ற ஓசை, நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஈரம் அடுப்புக்குப் போகும் ஓசைதான்.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். கொத்துக்கறி சில வேளைகளில் பாதுகாப்பான வெப்பத்தை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும். முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் அழிந்துவிடும். கொத்தும்போது அவை உள்ளே வரை கலந்துவிடுகின்றன. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் ஈ.கோலை கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்ததற்கு அடிப்படை இதுதான். ஆடு, மாட்டிறைச்சி நடுப்பகுதியில் 71 டிகிரியும், கோழி 74 டிகிரியும் எட்ட வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி, பேட்டியின் பக்கவாட்டிலிருந்து நடுவரை செருகிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 74 தொட்டதும் இறக்கிவிட்டால் கோழிக்கறி வறளாது. எல்லாரும் வறட்டிக் கெடுப்பது அதற்குப் பிறகான நான்கைந்து நிமிடங்களில்தான்.

பயறுப் பேட்டி உதிர்வதற்குக் காரணம் ஈரம். வேகவைத்த ராஜ்மாவையோ கொண்டைக்கடலையையோ நீர் வடித்து, 160 டிகிரி சூட்டில் ஓவனில் 15 நிமிடம் பரப்பிவையுங்கள். தோல் வெடித்து, தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். ஓவன் இல்லாதவர்கள் அகன்ற வாணலியில் சிறு தீயில் புரட்டி எடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கை நன்றாக மசித்து, மீதியை ஒன்றிரண்டாக விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் விழுதாக அரைத்தால் வாயில் களிபோல் ஒட்டும். பிணைப்புக்கு ஒரு முட்டை, அல்லது ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்த கூழ். தட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகிக்கொள்ளும், வாணலியில் திருப்பும்போது உடையாது. காய்ந்த ராஜ்மாவை வாங்கி வேகவைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் உண்டு. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் 30 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்தில் மட்டும் சமைத்தால் அது அழியாது.

பயறுகளில் உள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல். குறைய உதவுகிறது. ஆயினும் முழுக்கப் பயறுப் பேட்டிக்கு மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கறிப் பர்கருக்குப் பழகிய பிள்ளைகள் இரண்டாம் முறை தொடமாட்டார்கள். பாதிக் கறி, பாதி மசித்த பயறு என்ற கலவையில் தொடங்குங்கள். கறியின் புரதமே பயறைப் பிணைத்துக்கொள்ளும், முட்டைகூடத் தேவைப்படாது.

பன் விஷயத்தில் நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். கருகிய சர்க்கரைப் பாகு சேர்த்தாலும் பன் பழுப்பாகும். உட்பொருள் பட்டியலில் முழுக்கோதுமை மாவு முதலாவதாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய பக்கத்தை வெண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் பொன்னிறமாக வாட்டினால், சாறு உள்ளே இறங்கிப் பன் நொதநொதவென்று ஆகாது. சீஸை விட மனமில்லையா? மென்மையான பெரிய துண்டுக்குப் பதில், நன்கு முதிர்ந்த, மணம் மிகுந்த சீஸ் 15 கிராமைத் துருவிச் சூடான பேட்டியின்மேல் தூவுங்கள். நான் சொன்ன 'நாக்குக்குத் தெரிகிற இடம்' இதுதான். சாஸுக்கு, நீர் வடித்த தயிரில் கடுகு விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு கலந்தால் போதும்.

உணவகத்தில் உங்கள் கையில் இருப்பது தேர்வு மட்டுமே. எனவே பசியோடு மேசையில் உட்கார்வதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். பெரிய தொடர் உணவகங்கள் பலவும் ஒவ்வொரு பர்கரின் கலோரி, கொழுப்பு, உப்பு அளவுகளை வெளியிடுகின்றன. அவற்றில் பேட்டிகள் ஒரே அளவில் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு வருவதால் கறியை மாற்ற முடியாது. சீஸையும் சாஸையும் நீக்கித் தரும்படி கேட்கலாம். சொல்லும்போது செய்து தரும் சிறிய உணவகங்களில், பன்னில் வெண்ணெய் தடவ வேண்டாம், பேட்டியில் உப்பைக் குறையுங்கள் என்று தயங்காமல் சொல்லலாம். கோழி அல்லது மீன் என்ற பெயரைப் பார்த்தவுடன் இலேசானது என்று முடிவுகட்டாதீர்கள். ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்த கோழிப் பர்கர், கல்லில் வாட்டிய சிறிய மாட்டிறைச்சிப் பர்கரைவிடக் கூடுதல் கலோரி கொண்டதாக இருக்கக்கூடும். கறியைப் போலவே இருக்கும் தாவரப் பேட்டிகளும் அப்படித்தான்: சிலவற்றில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பதால் நிறைவுற்ற கொழுப்பு குறைவதில்லை, உப்பும் கணிசமாக இருக்கும். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சிக் கீற்றான பேக்கனை முற்றிலும் தவிருங்கள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியிருக்கிறது. மேலே வைக்கும் இரண்டு கீற்றுக்காக அது தேவையில்லை.

பர்கருடன் வரும் வறுவலும் குளிர்பானமும்தான் பலர் கணக்கில் சேர்க்காமல் விடுபவை. நடுத்தர அளவு உருளைக்கிழங்கு வறுவல் ஏறத்தாழ 350 கலோரி. 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை. இரண்டும் சேர்ந்தால் பல சாதாரணப் பர்கர்களின் கலோரிக்குச் சமமாகிவிடும். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறிய வறுவலைப் பகிர்ந்துகொள்ளுங்கள், குடிக்கத் தண்ணீர் வாங்குங்கள்; அப்போது பர்கரில் நீங்கள் விரும்பும் சீஸுக்கு இடம் கிடைக்கும். கறியை உள்ளே இளஞ்சிவப்பாக விட்டுத் தரும் உணவகமாக இருந்தால், பிள்ளைகளுக்கு முழுமையாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

மாதம் இரண்டு முறை என்ற உங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் செவ்விறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் 113 கிராம் பேட்டி வெந்தபின் ஏறத்தாழ 85 கிராம்தான் இருக்கும். மருத்துவர் அடுத்த பரிசோதனைக்குச் சொல்லும் நாள்வரை வீட்டில் கலவைப் பேட்டியையே செய்து வாருங்கள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தட்டி, இடையிடையே எண்ணெய்க் காகிதம் வைத்து உறையவைத்தால் மூன்று மாதம் வரை தாங்கும். வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்குங்கள். மேசைமேல் வைத்து உறைநீக்கக் கூடாது.