சிமெண்ட் ஷீட் வீட்டில் புயலுக்கு முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் தோப்பு வீடு. சிமெண்ட் ஷீட் கூரை, சுற்றிலும் தென்னை. கார்த்திகைப் புயலுக்கு முன் என்ன செய்யலாம்?

முதல் வேலை கூரை. புயல் காற்று ஷீட்டை அமுக்காது, உறிஞ்சி மேலே தூக்கும். அதனால் போல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, ஷீட்டைத் தாங்கும் பைப்பைப் பாருங்கள். நம் பக்கம் பைப்பைச் சுவர்மேல் வைத்து நாலு கரண்டி கலவை பூசுவதோடு கொத்தனார் வேலை முடிந்துவிடுகிறது. போல்ட் பிடித்துக்கொண்டு நிற்கும். பைப்போடு சேர்ந்து மொத்தக் கூரையும் கிளம்பிவிடும். ஒவ்வொரு பைப்பின் இரு முனைக்கும் 8 மி.மீ. கம்பியை வளைத்துப் போட்டு, சுவருக்குள் நாலைந்து வரிசைக் கல் ஆழம் இறக்கிக் கான்கிரீட் போடுங்கள். அது இறுக நாள் வேண்டும், ஆகவே புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள்.

ஷீட்டைப் பைப்போடு பிடிக்கும் கொக்கி போல்ட்டுக்கு (ஜே போல்ட்) துளை ஷீட்டின் மேட்டில்தான். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். வாசர் படிந்ததும் நிறுத்துங்கள், இன்னும் முறுக்கினால் ஷீட் விரிசல் விடும். முதலில் பிய்வது ஓரமும் முகடும் என்பதால் அங்கே போல்ட்டை நெருக்கிப் போடுங்கள். மணல் மூட்டை வைப்பதானால் அரைச் சாக்கு மணல் போதும். இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டுக்கு இருபுறமும் பைப் ஓடும் கோட்டின்மேல் தொங்கவிடுங்கள். ஷீட்டின் நடுவில் வைத்தால் மூட்டையே அதை உடைக்கும். அங்கே காலும் வைக்காதீர்கள்.

"கதவைத் திறந்துவிட்டால் காற்று போய்விடும்" என்பார்கள். தவறு. எதிர்க்காற்றுப் பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து நெட்டும்.

தென்னையில் காய், இளநீர் எல்லாவற்றையும் இறக்கி, காய்ந்த மட்டைகளைக் கழியுங்கள். பச்சை மட்டையை மொட்டையடிக்க வேண்டாம், காய்ப்பு கெடும். வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தை மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். மாட்டை மரத்தடியிலும் ஷீட் கொட்டகையிலும் கட்டாதீர்கள்; வெட்டவெளி மேட்டில் அவிழ்த்துவிடுங்கள்.

கிழக்கிலிருந்து வரும் புயலின் கண் நேராகக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். பிறகு சட்டென்று ஓயும். அதை நம்பி வெளியே வந்து ஷீட் பொறுக்கினால், சற்று நேரத்தில் தெற்கிலிருந்து மறுகாற்று பிடித்துக்கொள்ளும். முதல் காற்றில் ஆடிப்போன மரமும் சுவரும் இதில்தான் விழும். ஆகவே வடக்கு, தெற்கு இருபுறச் சன்னல்களையும் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள்.

எல்லோரும் மெழுகுவர்த்தியும் பிரெட்டும் வாங்குவார்கள். கடைசியில் தட்டுப்பாடாவது தண்ணீர். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறிய பின், உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர் மூடிய டிரம்மில் வையுங்கள். மேடைமேல் சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் விளிம்புவரை நிரப்புங்கள்: 500 லிட்டர் என்றால் 500 கிலோ, எளிதில் நகராது. பழைய அடிபம்பு இருந்தால் இப்போதே ஒரு வாசர் வாங்கி மாட்டி அடித்துப் பாருங்கள்.

வாடகை ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுப்பதற்கு முன் மெயினை இறக்குங்கள். இல்லையென்றால் கரண்ட் லைனில் திரும்ப ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொன்றுவிடும்.

பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரை, கொஞ்சம் ரொக்கம் (ஏ.டி.எம். ஓடாது) எல்லாம் இரட்டை பிளாஸ்டிக் பையில். வீடு, மரம், மாடு மூன்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பில் விழுந்த மரத்துக்கு அதுதான் சாட்சி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. டவர் போவதற்குள் கூப்பிட்டுவிடுங்கள்.