அரிவாள் ஓங்கிய பிறகு என்ன நடக்கும்?

கேள்வி: ரவுடிக் கும்பல் பற்றி வெப்தொடர் எழுதுகிறேன். நிஜத்தை எழுதினால் போரடிக்கிறது என்கிறார் தயாரிப்பாளர். அவர் கேட்பதை எழுதினால் எங்கள் ஏரியாக்காரர்களே சிரிப்பார்கள். என்ன செய்வது? – வாசகர், வியாசர்பாடி

நீங்கள் அனுப்பிய முதல் எபிசோடைப் படித்தேன். நான்கு கொலைகள். ஒரு எஃப்.ஐ.ஆர். கூட இல்லை. நிஜமும் விறுவிறுப்பும் ஒரே இடத்தில்தான் விட்டுப்போயிருக்கின்றன.

குண்டர் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்தது. விசாரணை முடியாமலே ஒருவரை முன்னெச்சரிக்கையாக உள்ளே வைக்கும் சட்டம். சென்னையில் ஒருவரை அப்படி அடைக்க போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டால் 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு காலாவதி. அடைத்தது சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் 3 வாரத்துக்குள் வைக்க வேண்டும். அங்கே அடைக்கப்பட்டவருக்காக வக்கீல் வாதாட முடியாது. மூல வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் 12 மாதம் வரை உள்ளேதான். வெளியே அவரை விடுவிக்கச் சொல்லி ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடும் வக்கீல், போலீஸ் கொடுத்த காகிதக் கட்டைப் புரட்டி, படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம் ஒன்றாவது சிக்காதா என்று தேடுவார். அப்படி ஒரு பக்கத்துக்காகவே உத்தரவு ரத்தானதுண்டு. எதிர்க் கும்பலும் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது என்று வையுங்கள். பார்ப்பவருக்கு வியர்க்கும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரை வைத்து 2002 முதல் 2008 வரை வந்த ‘தி வயர்’ தொடர் இதைத்தான் செய்தது. அதை உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறிவாளராக இருந்தவர். முதல் சீசனின் 13 எபிசோடும் ஒரே கும்பலைச் சுற்றித்தான்: பேஜர், பொது டெலிபோன், ஒட்டுக்கேட்கக் கோர்ட் அனுமதி. அதிலும் போதை வியாபாரிகளையே கொள்ளையடிக்கும் ஓமர் என்ற மாஸ் கேரக்டர் உண்டு. மற்றவர்கள் எல்லாம் தரையில் நிற்பதால் அவனை நம்ப முடிகிறது. நீங்களும் ஒருவனைப் பெரிதாக்கலாம், ஒன்பது பேரை வேண்டாம். வருஷக்கணக்கான வாய்தாவை ஒரே காட்சியில் சுருக்குங்கள், தப்பில்லை.

நான் செய்தியாளராக இருந்தபோது எழும்பூர் கோர்ட்டில் பார்த்தது: புழலிலிருந்து வேன் வந்தது. இறங்கிய பையனின் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தார் காவலர். அவன் அம்மா தூக்குவாளியோடு ஓடிவந்தார், கொடுக்க விடவில்லை. "சாப்டியாடா?" என்றார். எதிரே கூட்டாளிகள் நின்றதால் அவன் நிமிரவே இல்லை.

வியாசர்பாடியில் எத்தனை பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட உங்கள் கதையில் இல்லை. மூன்றாவதாகச் சாகும் பையனுக்கு வீடே இல்லை. அவன் வீட்டிலிருந்து திரும்ப எழுதுங்கள், அனுப்புங்கள், படிக்கிறேன்.