ஜிகினாவும் பட்டும்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தோழி, மகளின் பிறந்தநாளுக்கு வீட்டை அலங்கரித்துப் படம் அனுப்பியிருந்தார். அகராதியில் ‘பகட்டான’ என்று பார்த்து, ஆங்கிலத்தில் ‘ரொம்ப டாட்ரி’ (tawdry) என்று பாராட்டி எழுதினேன். நான்கு நாட்களாகப் பதில் இல்லை. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் அகராதி பாதிப் பொருளைத்தான் சொல்லியிருக்கிறது, சகோதரி. டாட்ரி என்பது மட்டமான பகட்டு. தூரத்தில் மின்னும், கிட்டே போனால் பல்லிளிக்கும். நம் ‘ஜிகினா’ அதற்கு மிக நெருங்கி வரும். நிறம் மிதமிஞ்சிக் கண்ணை உறுத்தினால் அதற்கு ஆங்கிலத்தில் ‘காடி’ (gaudy) என்று வேறு சொல் இருக்கிறது. அசல் ஜரிகைப் பட்டுச்சேலையைக்கூட ஒருவர் காடி என்று சொல்லிவிடலாம். டாட்ரி என்று சொல்ல முடியாது. ஆங்கில நாளிதழ்கள் கீழ்த்தரமான பேரங்களையும் கள்ள உறவுகளையும் டாட்ரி என்று எழுதுவதும் உண்டு. உங்கள் தோழிக்கு ஏன் சுருக்கென்றிருக்கும் என்று இப்போது புரியும்.

இந்தச் சொல் ஒரு புனிதவதியின் பெயரிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கிழக்கு இங்கிலாந்தில் ஈலி என்ற ஊரில் 673-இல் மடம் நிறுவிய அரசி எதெல்ட்ரெடா. மக்கள் வாயில் ஆட்ரி. 679-இல் கழுத்துக் கட்டியால் இறந்தார். இளமையில் வீணாக நகைகளைச் சுமந்ததற்கு இது தண்டனை என்று அவரே சொன்னதாகத் துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் அவர் பெயரால் ஈலியில் அக்டோபர் மாதம் சந்தை கூடியது. அங்கே கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள். ‘செயின்ட் ஆட்ரி லேஸ்’ என்று பெயர். வேகமாகச் சொல்லும்போது செயின்டின் கடைசி மெய் ஆட்ரியின் உயிரோடு புணர்ந்து டாட்ரி ஆனது. முதலில் அதில் இழிவு இல்லை. நாளடைவில் மட்டமான சரக்கு பெருகியது, பெயரும் கெட்டது. நகையே வேண்டாம் என்று வருந்திய பெண்ணின் பெயர் மலிவு நகைக்குப் போய்ச் சேர்ந்தது!

சந்தையில் கைக்கு எட்டிய காசுக்கு ஆசையாக நாடா வாங்கிய கிராமத்துப் பெண்களை நினைத்தால், ஒருவர் வீட்டு அலங்காரத்தைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வராது. போலிப் பளிங்கு ஒட்டிய ஓட்டல் முகப்புக்கு வேண்டுமானால் சொல்வேன்.

இன்றே தோழியைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். கடிதம் வேண்டாம், குரல் கேட்கட்டும். அகராதியை நம்பி எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்தது ‘ஃபெஸ்டிவ்’, அதாவது கொண்டாட்டக் களை. குழந்தையிடமும் அதையே சொல்லி வாழ்த்துங்கள்.