அறிவியல் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி எதற்கு?

வேலையில் சேர்ந்த பிறகு ஆசிரியர்கள் பெறும் பயிற்சிதான் பணியிடைப் பயிற்சி. பி.எட். முடித்தவருக்கு மறுபடியும் எதற்கு என்று கேட்கலாம். பாடம் அப்படியே நிற்பதில்லையே! 2006-ல் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கியது. 2019-ல் கிலோகிராமின் வரையறையே மாறியது. செல்பேசியைப் புதுப்பிக்காமல் விட்டால் புதுச் செயலிகள் மக்கர் செய்யும் அல்லவா, அதே கதைதான். இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் இணையவழியாகவும் படிக்கலாம். ஆனால் சோதனையைக் கையால் செய்து, சொதப்பி, சக ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் நேரடிப் பயிற்சிக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். அப்புறம், ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அவருக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. 20 வருட அனுபவசாலிகளுக்கும் அது உண்டு.