கடுமையான சட்டம் போதுமா?

கேள்வி: சத்தீஸ்கரின் பஸ்தரில் மாவோயிஸ்டுகளை ஒடுக்க இன்னும் கடுமையான சட்டம் வந்தால் பிரச்சினை தீருமா? (வாசகர், தருமபுரி)

பதில்: தீராது. கடுமைக்கு அங்கே பஞ்சமே இல்லை. பழங்குடி இளைஞர்கள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்து சிறப்புக் காவலர்களாக்கியதை, அரசமைப்புக்கு விரோதம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே தடுக்க வேண்டியிருந்தது. பழங்குடி மக்களின் மனக்குறையின் வேர் நிலத்திலும் காட்டிலும் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் வந்தது 1996-ல், சத்தீஸ்கர் அதற்கு விதிகளை அறிவித்ததோ 2022-ல், இத்தனை வருஷம் தாமதித்தால் அந்த மக்கள் எதை நம்புவார்கள், சொல்லுங்கள்? ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 2013-ல் 12 கிராம சபைகளிடம் கருத்துக் கேட்டார்கள். பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, அப்புறம் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. பஸ்தரிலும் சுரங்கத்துக்கு முன்னால் முதலில் இப்படிக் கேட்கட்டும்.