ஷேக்ஸ்பியர் நாடகத்தில் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் தன் தகப்பனைக் கொன்றவனைப் பழிவாங்க ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறான்? அவன் கோழையா?

கோழை இல்லை. தாயின் அறைத் திரைக்குப் பின்னால் அரவம் கேட்டதும், யார் எவர் என்று பாராமல் வாளைப் பாய்ச்சி அரசனின் ஆலோசகர் பொலோனியஸைக் கொல்பவன் அவன். கடற்கொள்ளையர் கப்பல் நெருங்கும்போது தனியாளாக அதில் ஏறுபவனும் அவனே. தாமதத்தின் காரணத்தை அவன் மனத்தில் தேடுவதைவிட அந்தக் கொலை வழக்கில் தேடுங்கள்.

குற்றவாளி, ஹாம்லெட்டின் சிற்றப்பன் கிளாடியஸ்தான், இப்போது நாட்டின் அரசன். முறையிட வேண்டிய இடமும் அவனே. தோட்டத்தில் தூங்கியவரைப் பாம்பு கடித்தது என்றுதான் ஊர் நம்புகிறது. காதில் விஷம் ஊற்றப்பட்டது என்பதற்கு, செத்த தகப்பனின் உருவில் வந்த ஆவியின் வாய்மொழி ஒன்றே சாட்சி. ஆவியைக் காவலர்களும் கண்டார்கள், ஆனால் கொலையைப் பற்றி அது சொன்னதைக் கேட்டவன் ஹாம்லெட் மட்டும். 1600 வாக்கில் லண்டனில் நாடகம் பார்த்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செத்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்கு முன் பாவம் தீரத் தங்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்பதையே புராட்டஸ்டன்ட் போதனை ஏற்காது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லும் உருவம் பிசாசாக இருக்கலாம். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் ஹாம்லெட்டே இந்தச் சந்தேகத்தைச் சொல்கிறான்.

அதனால்தான் நாடகத்துக்குள் நாடகம். பழைய கதை ஒன்றில் பன்னிரண்டோ பதினாறோ வரிகளைச் சேர்த்து, அரசனின் முகத்தைக் கவனிக்க ஏற்பாடு செய்கிறான். சோதனை பலிக்கிறது, ஆனால் பாதிதான். மேடையில் விஷம் ஊற்றுகிறவன் அரசனுடைய தம்பி அல்ல, அண்ணன் மகன். அதை ஹாம்லெட்டே சபையில் உரக்கச் சொல்கிறான். அரசன் பதறி எழும்போது ஹாம்லெட்டும் அவன் நண்பன் ஹொரேஷியோவும் குற்றத்தைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் சிற்றப்பனை மிரட்டும் பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

உண்மையான தவறு அடுத்ததாக, மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் நடக்கிறது. கிளாடியஸ் தனியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அதை நாம் கேட்கிறோம், ஹாம்லெட் கேட்கவில்லை. கிளாடியஸ் முழங்காலிட்ட பிறகுதான் ஹாம்லெட் உள்ளே வருகிறான். ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் மோட்சம் போய்விடுவான் என்று உருவிய வாளை உறையில் போடுகிறான். உயிரை எடுப்பது போதாது, ஆன்மாவும் நரகம் போக வேண்டும் என்ற வெறி அது. அவன் போன பிறகு கிளாடியஸ் எழுந்து, தன் சொல்தான் மேலே போகிறது, நினைப்பு கீழேயே கிடக்கிறது என்கிறான். ஜெபம் பலிக்கவே இல்லை! நாடகத்திலேயே எனக்கு மிகக் கொடூரமாகப் படும் இடம் இதுதான். அடுத்த காட்சியில் பொலோனியஸ் சாகிறார். பழிவாங்க வந்தவன் இப்போது இன்னொரு மகனின் பழிக்கு இலக்கு.

அந்த மகன் லேயர்டீஸ் ஒரு நாள்கூடத் தாமதிப்பவன் அல்ல. கூட்டத்தைத் திரட்டி அரண்மனைக் கதவை உடைக்கிறான், கோயிலுக்குள்ளேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான். விளைவு? சிறிது நேரப் பேச்சில் கிளாடியஸ் அவனைத் தன் கைக்கருவி ஆக்கிவிடுகிறான். விசாரிக்காத வேகத்துக்கு என்ன கதி என்பதை ஷேக்ஸ்பியர் பக்கத்திலேயே நிறுத்திக் காட்டுகிறார்.

இந்தத் தயக்கம் ஹாம்லெட்டோடு தொடங்கியதும் அல்ல. தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜெடி'யில் மகனைப் பறிகொடுத்த ஹியரானிமோ ஒரு நீதிபதி. கொலையாளிகளின் பெயரைச் சொல்லி ரத்தத்தால் எழுதிய கடிதம் கிடைத்தும், அது பொறியாக இருக்குமோ என்று நம்ப மறுக்கிறார். இரண்டாவது கடிதம் வந்த பிறகே உறுதி. அரசனிடம் முறையிடப் போனால் கொலையாளி குறுக்கே நிற்கிறான். கடைசியில் அவரும் நாடகம் போட்டு மேடையிலேயே கொல்கிறார், சம்பந்தமில்லாத ஒரு பிரபுவும் சேர்ந்து சாகிறார். இன்னும் பின்னால் போனால், கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்தியா'வில் தகப்பனைக் கொன்ற தாயைக் கொல்லும் முன் ஒரெஸ்தஸும் தயங்கித் தோழனிடம் கேட்கிறான். ஆனால் அவனுக்கு ஒரு நீதிமன்றம் கிடைக்கிறது: வாக்குகள் சரிசமம், தெய்வமான அத்தேனாவின் வாக்கால் விடுதலை.

டென்மார்க்கில் அப்படி ஒரு மன்றம் இல்லை. கடைசியில், லேயர்டீஸோடு நடக்கும் வாள் போட்டியின் முடிவில், ஹாம்லெட் அரசனைக் குத்தும்போது சபை "துரோகம்! துரோகம்!" என்றுதான் கத்துகிறது. சாகும் லேயர்டீஸ் அரசன்மேல் பழி சொன்னதும் வாளிலும் கோப்பையிலும் இருந்த விஷத்துக்காக. பழைய கொலை அப்போதும் ஹொரேஷியோவைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் மிச்ச விஷத்தைக் குடிக்கப் போகும் ஹொரேஷியோவிடமிருந்து சாகும் தறுவாயில் ஹாம்லெட் கோப்பையைப் பிடுங்குகிறான். நடந்ததைச் சொல்ல அவன் ஒருவனாவது உயிரோடு இருக்க வேண்டும்.